இரண்டு கம்ப்யூட்டர், ஒரே போல்டர்: வெர்ஷன் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கையில் ஒரு லேப்டாப் என இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்று அதிகம். ஒன்றில் திருத்திய பைல் மற்றொன்றிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துப் போனால், எது புதிய பைல், எது பழைய பைல் என்ற குழப்பம் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே சிங்க் சாப்ட்வேர்கள் இருக்கின்றன.

கூகுள் டிரைவ், ஒன் டிரைவ் போன்ற சேவைகளைப் பயன்படுத்துவோருக்கு வெர்ஷன் பிரச்னை பெரும்பாலும் கண்ணில் படாது. சர்வரும் அவர்களுடையது, உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராமும் அவர்களுடையது. இரண்டு பக்கத்தையும் அவர்களே அப்டேட் செய்து விடுகிறார்கள். ஆனால் தங்கள் பைல்களை வெளியே அனுப்ப விரும்பாமல், வீட்டு நெட்வொர்க்கிலேயே இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்துக் கொள்பவர்கள் ஆர்சிங்க், யூனிசன், சிங்க்திங் போன்ற இலவச சாப்ட்வேர்களைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பு நீங்கள்தான். ஒரு பக்கம் உபுண்டு, மறு பக்கம் டெபியன் அல்லது மேக் என்றால், இரண்டிலும் ஒரே வெர்ஷன் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். அலுவலகத்தின் உள் உபயோகத்திற்கான லினக்ஸ் பேக்கேஜ்களைத் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. அதில் எனக்கு அதிகப் பாடம் கற்றுத் தந்தது யூனிசன். அந்தப் பாடம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால், அதை இங்கு படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும்.

சிங்க் சாப்ட்வேரில் என்ன தனிச்சிறப்பு?

பாட்டுக் கேட்கும் சாப்ட்வேரை எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் பழைய வெர்ஷனும், நண்பர் கம்ப்யூட்டரில் புதிய வெர்ஷனும் இருந்தால் இருவருக்கும் நஷ்டமில்லை. அவரவர் பாட்டு அவரவர் கம்ப்யூட்டரில் ஓடும். சிங்க் சாப்ட்வேர் அப்படி இல்லை. அதன் ஒரு பாதி இங்கேயும், மறு பாதி அங்கேயும் ஓடுகிறது. இரண்டு பாதியும் ஒன்றுடன் ஒன்று பேசியாக வேண்டும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரலுக்கு ஆயிரம் என்று ஒருவரும், ஐயாயிரம் என்று மற்றவரும் நினைத்துக் கொண்டால் வியாபாரம் என்ன ஆகும்? வெளியே நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இருவரும் கை கொடுத்துக் கொண்டது மட்டும்தான் தெரியும். வெர்ஷன் பொருந்தாத இரண்டு சிங்க் சாப்ட்வேர்களின் நிலையும் இதுதான்.

பொருத்தம் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

"வெர்ஷன் பொருந்தவில்லை" என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

1. கட்டளை: சாப்ட்வேருக்கு நாம் தரும் ஆப்ஷன்கள், செட்டிங்குகள். புதிய வெர்ஷனில் ஒரு ஆப்ஷனை நீக்கியிருக்கலாம், அல்லது பெயர் மாற்றியிருக்கலாம்.

2. புரோட்டோகால்: இரண்டு கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பேசிக் கொள்ளும் மொழி.

3. நினைவுக் குறிப்பு: சென்ற முறை சிங்க் செய்தபோது எந்த பைல் எப்படி இருந்தது என்று சாப்ட்வேர் எழுதி வைத்துக் கொள்ளும் பதிவு. யூனிசன் இதை ஆர்க்கைவ் என்கிறது. சிங்க்திங் ஒரு டேட்டாபேஸில் வைக்கிறது.

முதலாவது மாறினால் சாப்ட்வேர் ஓடாது; உடனே தெரிந்துவிடும். இரண்டாவது மாறினால் இணைப்பு கிடைக்காது. எரர் மெசேஜ் வரும். மூன்றாவது மாறினால்தான் கவனம் தேவை. ஏன் என்பதை ஒரு உதாரணத்துடன் பார்ப்போம்.

நினைவுக் குறிப்பு எதற்கு?

"கணக்கு" என்ற பைல் லேப்டாப்பில் இருக்கிறது, டெஸ்க்டாப்பில் இல்லை என வைத்துக் கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். லேப்டாப்பில் இதைப் புதிதாக உருவாக்கியிருக்கலாம். அப்படியானால் டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்ய வேண்டும். அல்லது இரண்டிலும் இருந்த பைலை டெஸ்க்டாப்பில் நீங்கள் அழித்திருக்கலாம். அப்படியானால் லேப்டாப்பிலும் அழிக்க வேண்டும். இரண்டு போல்டர்களையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதில் எது சரி என்று கண்டுபிடிக்க முடியாது. சென்ற முறை நிலைமை எப்படி இருந்தது என்ற குறிப்பு இருந்தால் மட்டுமே முடியும்.

அந்தக் குறிப்பு இல்லாமல் போனால் யூனிசன் என்ன செய்யும்? முதல் முறையாக சிங்க் செய்வது போல நினைத்துக் கொள்ளும்.

* இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பைல்களை அப்படியே விட்டுவிடும்.

* ஒரு பக்கம் மட்டும் இருக்கும் பைலைப் புதியது என எடுத்துக் கொண்டு மறு பக்கத்திற்குக் காப்பி செய்யச் சொல்லும். நீங்கள் அழித்த பைல்கள் மீண்டும் உயிர் பெற்று வரும்.

* இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் பைலை முரண்பாடு என்று காட்டி, எது வேண்டும் என உங்களிடம் கேட்கும்.

இது பாதுகாப்பான நடத்தைதான். பைல் எதுவும் தானாக அழிவதில்லை. ஆனால் 400 பைல்கள் முரண்பாடு என வரிசையாக வந்து நின்றால், பொறுமை இழந்து "எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம்" என்று ஒரே கட்டளையாகக் கொடுத்துவிடுவோம். பைல் இழப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாப்ட்வேர் கேட்ட கேள்விக்கு மனிதர் அவசரத்தில் சொல்லும் பதிலால் நடக்கிறது.

யூனிசனில் நடந்தது என்ன?

யூனிசனை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ் தலைமையில் உருவாக்கினார்கள். ஓகேமல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். இரு பக்கத்திலும் நடந்த மாற்றங்களைக் கண்டுபிடித்து இரு பக்கமும் கொண்டு சேர்ப்பதில் இது கெட்டிக்கார சாப்ட்வேர்.

ஆனால் பல ஆண்டுகள் இதில் ஒரு கறாரான விதி இருந்தது. 2.40, 2.48, 2.51 என்பவை அதன் வரிசை எண்கள். 2.48 உள்ள கம்ப்யூட்டரும் 2.51 உள்ள கம்ப்யூட்டரும் பேசிக் கொள்ளாது. இணைப்பு தொடங்கும்போதே இரண்டும் தங்கள் வெர்ஷனைச் சொல்லிக் கொள்ளும். எண் பொருந்தாவிட்டால் எரர் காட்டி நின்றுவிடும். இதில் ஒரு நன்மையும் உண்டு. தவறாகப் பேசுவதை விட, பேசாமல் இருப்பது மேல் அல்லவா?

இதைவிடச் சிக்கலான ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது. யூனிசன் தன் தகவல்களை நெட்வொர்க்கில் அனுப்பவும், ஆர்க்கைவில் எழுதவும் ஓகேமல் மொழியிலேயே உள்ள மார்ஷல் என்ற வசதியைப் பயன்படுத்தியது. மெமரியில் உள்ள தகவலை அப்படியே பைட்டுகளாக மாற்றித் தருவது மார்ஷலின் வேலை. புரோகிராமருக்கு இது மிகவும் எளிது. ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த பைட்டுகளில் "இது இன்ன வகைத் தகவல்" என்ற முத்திரை எதுவும் இருக்காது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தால் மட்டுமே சரியாகப் புரியும்.

2014-ம் ஆண்டில் ஓகேமல் 4.02 வெளியானது. அதன் பிறகு ஒரு விநோதமான நிலை உருவானது. இரண்டு கம்ப்யூட்டரிலும் யூனிசன் வெர்ஷன் ஒன்றுதான். ஆனால் ஒன்று ஓகேமல் 4.01 கொண்டு கம்பைல் செய்தது, மற்றொன்று 4.02 கொண்டு கம்பைல் செய்தது. இரண்டும் ஒத்துப் போகவில்லை. வெர்ஷன் எண் பொருந்துவதால் இணைப்பு கிடைத்துவிடும். கொஞ்ச தூரம் போன பிறகு, யாருக்கும் புரியாத ஒரு எரர் மெசேஜுடன் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே வெர்ஷன் என்பதைப் பார்த்து உறுதி செய்த பயனாளர், நெட்வொர்க்கிலோ பாஸ்வேர்டிலோ கோளாறு என்று தேடிக் கொண்டிருப்பார்.

இதனால் பேக்கேஜ் தயாரிப்பவர்களுக்குத் தலைவலி வந்தது. டிஸ்ட்ரோ ஒன்றில் கம்பைலரை மாற்றியவுடன், யூனிசனில் ஒரு வரிகூட மாறாமலேயே அது மற்றவர்களுடன் பேச மறுக்கும். டெபியனில் இதைச் சமாளிக்க, பேக்கேஜ் பெயரிலேயே கம்பைலரின் எண்ணையும் சேர்த்தார்கள். "யூனிசன்-2.51+4.13.1" போன்ற நீளமான பெயரைப் பார்த்து விழித்தவர்கள் இருப்பீர்கள். முதல் எண் யூனிசனுடையது, பிளஸ் குறிக்குப் பின்னால் இருப்பது ஓகேமலுடையது.

2022-ல் வெளியான யூனிசன் 2.52-ல் இதற்குத் தீர்வு கண்டார்கள். நெட்வொர்க் மொழியையும், ஆர்க்கைவ் வடிவத்தையும் கம்பைலரைச் சாராதபடி புதிதாக எழுதினார்கள். 2.52 மற்றும் அதற்குப் பிந்தைய வெர்ஷன்கள், தங்களுக்குள் உள்ள வசதிகளைக் கேட்டுத் தெரிந்து கொண்டு பேசுகின்றன. பழைய 2.51 உடன் பேசவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிப் பேசும்போது பழைய முறையே பயன்படுவதால், கம்பைலர் பொருத்தம் என்ற பழைய நிபந்தனையும் கூடவே வருகிறது.

சத்தமில்லாமல் நின்றால்தான் ஆபத்து

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். டெஸ்க்டாப்பில் வேலை. இரவு 11 மணிக்குத் தானாக லேப்டாப்புக்கு சிங்க் ஆகும்படி ஏற்பாடு. லேப்டாப்பில் உள்ள ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்டேட் செய்திருக்கிறார். அதோடு சிங்க் சாப்ட்வேரின் வெர்ஷனும் மாறிவிட்டது. அன்றிரவு முதல் சிங்க் நின்றுவிட்டது. எரர் மெசேஜ் ஒரு லாக் பைலில் தினமும் ஒரு வரியாகச் சேர்ந்து கொண்டிருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

"தினமும் ராத்திரி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு தம்பி?" என்று அவர் கேட்டார். ஓடியது உண்மைதான். ஓடி, தோற்று, நின்றது. லேப்டாப்பில் இருந்தது மூன்று வாரத்துக்கு முந்தைய பிரதி. இரண்டு அத்தியாயங்களை அவர் மீண்டும் உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று.

வெர்ஷன் பொருந்தாததை எளிதில் சரி செய்துவிடலாம். அது பொருந்தவில்லை என்பதே தெரியாமல் நாட்கள் ஓடுவதற்குத்தான் நாம் முதலில் வழி செய்ய வேண்டும். அதற்கான எளிய முறையைக் கடைசியில் தந்திருக்கிறேன்.

பேக்கேஜ் தயாரிக்கும்போது கவனிப்பவை

நீங்களே வீட்டில் நான்கு கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சாப்ட்வேரைக் கம்பைல் செய்து வைப்பவராக இருக்கலாம். அல்லது இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்து கொள்ள விரும்பலாம். நான் பின்பற்றும் விதிகள் இவை.

பழைய கம்ப்யூட்டரில் கம்பைல் செய்யுங்கள்: லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பி இருக்கின்றன. உபுண்டு 20.04-ல் இருப்பது ஜிலிப்சி 2.31. உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35. புதியதில் கம்பைல் செய்த புரோகிராமைப் பழையதில் ஓட்டினால், "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்பது போன்ற எரருடன் நின்றுவிடும். பழையதில் கம்பைல் செய்தது புதியதில் பொதுவாக ஓடும். எனவே உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய சிஸ்டத்தைக் கம்பைல் செய்யத் தேர்ந்தெடுங்கள்.

வெர்ஷன் எண்ணைப் பெயரில் சேருங்கள்: யூனிசன் என்று மட்டும் பெயர் வைக்காமல், யூனிசன்-2.51, யூனிசன்-2.53 என்று வைத்தால் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொள்ளலாம். யூனிசனில் "ஆட்வெர்ஷன்நோ" என்று ஒரு செட்டிங் உண்டு. அதை ஆன் செய்தால், மறு பக்கத்தில் வெறும் யூனிசனை அழைக்காமல், தன் வெர்ஷன் எண் சேர்ந்த பெயருள்ள புரோகிராமைத் தேடி அழைக்கும். "சர்வர்சிஎம்டி" என்ற செட்டிங்கில் மறு பக்கப் புரோகிராமின் முழுப் பாதையையே கொடுத்துவிடலாம்.

துணைப் புரோகிராமை மறக்காதீர்கள்: பைல் மாறியவுடன் தானாகவே சிங்க் செய்யும் வசதிக்கு யூனிசனுடன் எப்எஸ்மானிட்டர் என்ற தனிப் புரோகிராமும் தேவை. முதன்மைப் புரோகிராமை மட்டும் பேக்கேஜில் வைத்தால், மற்ற எல்லாம் ஓடும். இந்த வசதி மட்டும் ஓடாது.

கம்பைலரின் எண்ணை எழுதி வையுங்கள்: 2.51 வரையிலான வெர்ஷன்களுக்கு இது கட்டாயம். பேக்கேஜின் விவரக் குறிப்பிலேயே ஓகேமல் எண்ணையும் எழுதி வைப்பேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தயாரிக்கும்போது இதுதான் கை கொடுக்கும்.

ஆர்சிங்க் எப்படிச் சமாளிக்கிறது?

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996-ல் வெளியிட்டது ஆர்சிங்க். இதில் சாப்ட்வேரின் வெர்ஷன் எண் வேறு, புரோட்டோகால் எண் வேறு. 2008-ல் வந்த 3.0.0-க்குப் புரோட்டோகால் 30. 2013-ல் வந்த 3.1.0-க்கு 31. 2025 ஜனவரியில் வந்த 3.4.0-க்கு 32. இரண்டு பக்கமும் தங்கள் எண்ணைச் சொல்லிக் கொண்டு, இரண்டில் சிறிய எண்ணின் மொழியில் பேசும். பெரியவர் குழந்தையிடம் மழலையில் பேசுவது போலத்தான். இதனால் பல ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு ஆர்சிங்குகளும் பேசிக் கொள்ள முடிகிறது.

ஆனால் கட்டளை அடுக்கில் மாட்டிக் கொள்ளலாம். புதிய வெர்ஷனில் மட்டும் உள்ள ஆப்ஷனை நீங்கள் கொடுத்து, அது மறு பக்கத்துக்கும் தேவைப்படுவதாக இருந்தால், பழைய ஆர்சிங்க் "இந்த ஆப்ஷன் எனக்குத் தெரியாது" என்று நின்றுவிடும். உதாரணமாக, மறு பக்கத்தில் இல்லாத போல்டர்களைத் தானாக உருவாக்கும் "எம்கேபாத்" என்ற ஆப்ஷன் 3.2.3-ல்தான் வந்தது.

மேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்சிங்க் 3.0.0 முதல் ஜிபிஎல் 3 லைசென்ஸுக்கு மாறியது. ஆப்பிள் அதன் பிறகும் நீண்ட காலம் 2006-ம் ஆண்டின் 2.6.9 வெர்ஷனையே மேக்குடன் தந்து வந்தது. மேக் ஓஎஸ் செக்வோயா வரிசையில் ஓபன்ஆர்சிங்க் என்ற வேறு புரோகிராம் அந்த இடத்துக்கு வந்தது. ஆர்சிங்க் என்று டைப் செய்தால் ஓடும். ஆனால் உள்ளே இருப்பது வேறு புரோகிராம், அதற்குத் தெரிந்த ஆப்ஷன்களும் குறைவு. பழைய ஸ்கிரிப்ட் திடீரென்று எரர் காட்டினால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

சிங்க்திங் 2.0 தரும் பாடம்

சிங்க்திங் 2.0 வெளியானது 2025 ஆகஸ்டில். இதில் உள்ளே இருந்த லெவல்டிபி டேட்டாபேஸை எடுத்துவிட்டு எஸ்கியூலைட்டுக்கு மாறினார்கள். புரோட்டோகால் அடுக்கில் பிரச்னை இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் 1 வரிசையும், மற்றொன்றில் 2 வரிசையும் இருந்தாலும் பேசிக் கொள்ளும். ஆனால் நினைவுக் குறிப்பு அடுக்கில் மாற்றம் உண்டு. முதல் முறை ஓடும்போது பழைய டேட்டாபேஸைப் புதிய வடிவத்துக்கு மாற்றும். பைல்கள் அதிகமாக இருந்தால் இதற்கு நேரம் பிடிக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் மூடிவிடாதீர்கள்.

கட்டளை அடுக்கிலும் ஒரு மாற்றம். நீளமான ஆப்ஷன்களை ஒற்றை ஹைபன் போட்டு எழுதும் பழைய வழக்கத்தை 2.0 ஏற்பதில்லை, இரட்டை ஹைபன் வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் சிங்க்திங் ஓட வேண்டும் என்று நீங்களே எழுதி வைத்த ஸ்கிரிப்ட் இருந்தால், அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

டிஸ்ட்ரோவின் பேக்கேஜாக வரும் சிங்க்திங்கில், தானாக அப்டேட் செய்து கொள்ளும் வசதியை நீக்கித்தான் தருவார்கள். அதன் அப்டேட் பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான் வர வேண்டும். நேரடியாக டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்தது தானாக அப்டேட் ஆகும். எனவே ஒரு கம்ப்யூட்டரில் இப்படியும் மற்றொன்றில் அப்படியும் இன்ஸ்டால் செய்தால், நாளடைவில் இரண்டும் வெவ்வேறு வெர்ஷனுக்குப் போய்விடும். இரண்டிலும் ஒரே வழியில் இன்ஸ்டால் செய்வது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை

யூனிசனை மனதில் வைத்து இவற்றைத் தருகிறேன். மற்ற சாப்ட்வேர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. இரண்டு கம்ப்யூட்டரிலும் டெர்மினல் திறந்து, "யூனிசன் -வெர்ஷன்" என டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். புதிய வெளியீடுகளில் பிராக்கெட்டுக்குள் ஓகேமல் எண்ணும் வரும். ஆர்சிங்க் என்றால் "ஆர்சிங்க் --வெர்ஷன்" என டைப் செய்யுங்கள். முதல் வரியிலேயே புரோட்டோகால் எண்ணும் இருக்கும்.

2. இரண்டிலும் 2.52 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை இல்லை. ஒன்றில் 2.51 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அதை மேம்படுத்தத் திட்டமிடுங்கள்.

3. மேம்படுத்தும் முன், பழைய வெர்ஷனிலேயே ஒரு முழு சிங்க் செய்து முடியுங்கள். முரண்பாடு எதுவும் மிச்சம் இல்லாமல், "இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது" என்ற நிலைக்கு வர வேண்டும். இந்தப் பட்டியலில் மிக முக்கியமான படி இதுதான். புதிய வெர்ஷனால் பழைய ஆர்க்கைவைப் படிக்க முடியாமல் போனாலும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு கேள்வியும் கேட்காமல் புதிய ஆர்க்கைவை உருவாக்கிக் கொள்ளும்.

4. பைல்களுக்கு ஒரு தனிப் பேக்கப்பை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எடுங்கள். சிங்க் என்பது பேக்கப் ஆகாது. ஒரு பக்கம் நீங்கள் தவறாக அழித்தால், மறு பக்கமும் அழிக்கும்.

5. ஆர்க்கைவ் இருக்கும் போல்டரையும் காப்பி செய்யுங்கள். லினக்ஸிலும் விண்டோஸிலும் உங்கள் ஹோம் போல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் யூனிசன் என்ற பெயரில் இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் எடுங்கள். திரும்ப வைக்கும்போதும் இரண்டிலும் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இரண்டு குறிப்பும் ஒத்துப் போகாமல் யூனிசன் நின்றுவிடும்.

6. இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் மேம்படுத்துங்கள். நடுவில் பைல்களில் வேலை செய்யாதீர்கள்.

7. மேம்படுத்திய பின், முதல் சிங்கைத் தானாக ஓட விடாதீர்கள். நீங்களே ஓட்டி, பட்டியலைப் படித்துப் பாருங்கள். எதிர்பாராத அளவுக்கு நீளமான பட்டியல் வந்தால் "இல்லை" என்று சொல்லி வெளியே வாருங்கள். எதையும் அவசரமாக ஏற்காதீர்கள்.

8. "கன்பர்ம்பிக்டெல்" என்ற செட்டிங்கை ஆஃப் செய்யாதீர்கள். ஒரு பக்கத்தில் எல்லாமே அழிந்துவிட்டதாகத் தோன்றினால், மறு பக்கத்தை அழிக்கும் முன் யூனிசன் நின்று கேட்பது இதனால்தான். கேள்வி கேட்காத பேட்ச் முறையில் ஓடினால் சிங்கை அப்படியே கைவிட்டுவிடும். இயல்பாகவே இது ஆன் நிலையில் இருக்கும்.

வெர்ஷனைப் பூட்டி வைக்கலாமா?

டெபியன், உபுண்டுவில் "ஏபிடி-மார்க் ஹோல்டு" என்ற கட்டளையால் ஒரு பேக்கேஜை அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைக்கலாம். மேக்கில் ஹோம்புரூ பயன்படுத்துவோர் "புரூ பின்" கட்டளையைப் பயன்படுத்தலாம். இரண்டு பக்கமும் தயாராகும் வரை இது உதவும்.

ஆனால் பூட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் ஆர்சிங்க் 3.4.0 வந்ததே, பாதுகாப்புக் குறைகளைச் சரி செய்வதற்காகத்தான். பூட்டியவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. எனவே பூட்டும் நாளிலேயே, திறக்க வேண்டிய நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிகபட்சம் ஒரு மாதம் என்பது என் கணக்கு.

நின்றால் தெரிய வேண்டும்

கடைசியாக, சொன்னபடி ஒரு எளிய ஏற்பாடு. டெஸ்க்டாப்பில் தானாக ஓடும் சிங்க் ஸ்கிரிப்டின் முதல் வரியில், அன்றைய தேதியை ஒரு சிறிய டெக்ஸ்ட் பைலில் எழுதும்படி செய்யுங்கள். அந்த பைல் சிங்க் ஆகும் போல்டருக்குள்ளேயே இருக்கட்டும். பெயர் "நாடி" என்று வைத்துக் கொள்ளலாம். சிங்க் சரியாக நடந்தால், லேப்டாப்பில் உள்ள நாடி பைலிலும் அதே தேதி இருக்கும். லேப்டாப் ஆன் ஆகும்போது அந்தத் தேதியைப் பார்த்து, இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் திரையில் ஒரு மெசேஜ் காட்டும்படி இன்னொரு சிறிய ஸ்கிரிப்ட் வையுங்கள். லினக்ஸில் "நோட்டிபை-சென்ட்" என்ற கட்டளை இதற்குப் போதும்.

யூனிசன் முடியும்போது தரும் எண்ணையும் பயன்படுத்தலாம். 0 என்றால் எல்லாம் சரி. 1 என்றால் சில பைல்களை விட்டுவிட்டது. 2 என்றால் சில பைல்களில் கோளாறு. 3 என்றால் நடுவிலேயே நின்றுவிட்டது. வெர்ஷன் பொருந்தாதபோது இதை எதிர்பார்க்கலாம். 0 அல்லாத எண் வந்தால் மெசேஜ் காட்டும்படி ஸ்கிரிப்டில் சேர்த்து விடுங்கள்.

இந்த இரண்டில் நாடி பைல் முறைதான் அதிக நம்பிக்கைக்குரியது. ஏனென்றால் ஸ்கிரிப்டே ஓடாமல் போனாலும், நெட்வொர்க் அறுந்தாலும், வெர்ஷன் மாறினாலும், காரணம் எதுவாக இருந்தாலும் தேதி பழையதாகிவிடும், உங்களுக்குத் தெரிந்துவிடும். யூனிசன், ஆர்சிங்க், சிங்க்திங் மூன்றுக்கும் இது பொருந்தும். இரண்டு ஸ்கிரிப்டையும் எழுதி முடித்த பின், லேப்டாப்பில் உள்ள சிங்க் புரோகிராமின் பெயரை மூன்று நாளைக்கு மட்டும் மாற்றி வைத்து, எச்சரிக்கை மெசேஜ் வருகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பாருங்கள். வந்தால், பெயரைப் பழையபடி மாற்றிவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடரலாம்.